சிறு தீவுகளை அளக்குங் கோல்

பெரியனவற்றைக் கண்டு வியத்தல் மக்களுக்கு இயல்பு. இமயத்தின் உயரத்தையும் பசிபிக் மாகடலின் ஆழத்தையும் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்துவிடுகின்றோம். மிகச் சிறியனவற்றைத் தேடிப் பிடித்து வரிசைப்படுத்தி வியக்கும் வழக்கமோ அண்மைக் காலத்தது. 1955ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் முதன்முதல் வெளிவந்த கின்னஸ் சாதனை நூல் இவ்வழக்கத்துக்குப் பேரூக்கம் அளித்தது. கட்டடந் தாங்கிய தீவுகளுள் மிகச் சிறியது எது, தனியரசு நடாத்தும் நாடுகளுள் மிகச் சிறியது எது என்றெல்லாம் வினவவும் விடை பகரவும் அதன் பின்னர் உலகெங்கும் ஆள்கள் உளராயினர்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்கு அப்பால், சில்லித் தீவுகளின் ஓரத்திலே, பிஷப் பாறை என்றொரு பாறை கடலினின்றும் தலைநீட்டி நிற்கின்றது. நீளம் 46 மீற்றர்; அகலம் 16 மீற்றர். அதன்மேல் ஒரு வெளிச்சவீடு உண்டு, வேறொன்றும் இல்லை, வேறொன்றுக்கு இடமும் இல்லை. முதலிலே நாட்டிய இரும்புக் கோபுரத்தை 1850ஆம் ஆண்டுப் புயல் அடித்துச் சென்றது. 1858இல் விளக்கேற்றிய கருங்கற் கோபுரமே நிலைத்தது. 1992இல் விளக்குத் தானே இயங்குமாறு அமைக்கப்பட்டதும் காவலர் கரையேறினர். அமெரிக்காவிலே சென் லோறன்ஸ் ஆற்றின் ஆயிரந் தீவுகளுள் ஒன்று இதற்கு இளையது. ஒரு வீடும் சில மரஞ் செடிகளும் மாத்திரமே அதிற் கொள்ளும். 'மட்டுமட்டாய் இடமுள்ள தீவு' என்பதே அதன் பெயரின் பொருள். வீட்டின் படியிலிருந்தவாறே காலை ஆற்றில் நனைத்துக் கொள்ளலாம் போலும்!

எம் கல்லூரியிலே தீவுப் பகுதியினின்றும் வந்து பயின்றோர் பலர். இத்தகைய செய்திகளைப் படிக்கும் அவர்கள், 'எம் தீவுகள் இவ்வரிசையில் எவ்விடத்தன?' என்று வினவுதல் இயல்பே. அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். பரப்பளவு கொண்டு விடை காண முயன்றால் நாம் வழிதவறிப் போவோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். எனினும், வழி தவறுவதிலும் சிறிது இன்பம் உண்டாகலின் அவ்வழியே சில அடி நடந்து பார்ப்போம்.

நெடுந்தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர். பசிபிக் மாகடலிலுள்ள நவுறு 21 சதுரக் கிலோமீற்றர்; அதே கடலிலுள்ள துவாலு 26. இரண்டும் ஐக்கிய நாடுகள் சபையிலே ஆசனம் பெற்ற தனிநாடுகள். இவ்விரண்டையும் தூக்கி நெடுந்தீவின்மேல் வைத்தாலும் இடம் எஞ்சும். பிரான்சின் தென்கரையிலுள்ள மொனாக்கோ இரண்டு சதுரக் கிலோமீற்றர் அளவினது. நயினாதீவு அதனினும் இருமடங்கு. வத்திக்கான் நகரம் 44 ஹெக்ரேயர், அஃதாவது ஏறக்குறைய 109 ஏக்கர். ஒருவருங் குடியில்லாத எம் கச்சதீவோ 285 ஏக்கர்! ஆகவே, எம் தீவுகளைச் சிறியன என்று சொல்லும் உரிமை உலகத்தாருக்கு இல்லை எனலாம்.

அவற்றைப் பெரியன என்று கருதினோரும் ஒரு காலத்தில் இருந்தனர் போலும். 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து இப்பகுதியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் நாட்டின் பெருநகரங்களின் பெயர்களை எல்லாம் இத்தீவுகளுக்கு வாரி வழங்கினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ன். நெடுந்தீவுக்கு டெல்ப்ற் என்னும் பெயர் வாய்த்தது. வெர்மீர் என்னும் ஓவியர் தம் ஊராகிய டெல்ப்ற் நகரத்தின் தோற்றத்தைத் தீட்டியதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளிலேதான். உலகம் போற்றும் அவ்வோவியத்திலே கால்வாயும் படகும் மழைமேகமும் நிறைந்து தோன்றும். அப்பெயரைச் சுமந்த எம் தீவிலோ கோடை வந்தாற் குதிரைகளுக்குங் குடிக்க நீரில்லை. பிற பெயர்கள் யாவும் பழைய படங்களிலும் அரச பதிவுகளிலும் ஒதுங்கிவிட, டெல்ப்ற் என்பது மாத்திரம் ஆங்கிலம் வழங்குமிடமெங்கும் இன்றும் நிலைத்திருக்கின்றது.

பரப்பளவினால் அளப்பதன் பயனின்மையை நன்கு உணர்த்துவது தீவன்று, கோட்டை. ஊர்காவற்றுறைக்குங் காரைநகருக்கும் இடையே, கடல் நடுவே, எண்கோண வடிவில் ஒரு சிறு கோட்டை நிற்பதைத் தோணியிற் போவோர் அனைவருங் கண்டிருப்பர். பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் முருகைக்கல் கொண்டு இதனைக் கட்டினர். கப்பற்றுறை என்று பொருள்படும் 'கையிஸ்' என்னும் அவர்தஞ் சொல்லே பின்னர் ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்னும் ஆங்கிலப் பெயராய் நின்றது. இலங்கையின் வடிவம் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை ஒத்தது என்பது ஒல்லாந்தர் கண்ட உவமை. தொடைக்குக் குதிபோல அமைந்தமையால் இக்கோட்டையை ஹம்மன்ஹீல் என்றனர். (எம்மவர் அதனை மாம்பழம் என்றும் முத்து என்றும் கண்டனர். அவரவர் கண்டது அவரவர் பசிக்கேற்ப என்று விட்டுவிடுவோம்.)

இக்கோட்டையின் வீழ்ச்சியே ஈண்டு எமக்கு வேண்டியது. 1658இலே யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் வளைத்தபோது இச்சிறு கோட்டையையும் முற்றுகையிட்டனர். ஏறக்குறைய இரண்டு வாரம் உள்ளிருந்தோர் எதிர்த்து நின்றனர். நாற்புறமுங் கடல் அகழியாய் அமைந்த அரணை ஏறிக் கைப்பற்றுதல் எளிதன்று. ஈற்றில் அவர்களைப் பணியச் செய்தது பீரங்கியன்று. குடிநீர் அற்றுப் போனமையே. கண்ணுக்கெட்டிய தூரம் நீர் சூழ்ந்திருக்க, ஒரு மிடறு நீருக்காகக் கோட்டையைக் கொடுத்தனர். பிற்காலத்திலே இது சிறைக்கூடமாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பிடிபட்டோரும் இதனுள்ளே அடைக்கப்பட்டனர். இந்நாளிற் கடற்படையினர் நடாத்தும் விருந்தினர் விடுதியாக விளங்குகின்றது. விருந்தினருக்கு வேண்டிய குடிநீர் கரையிலிருந்தே வருதல் வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, மேலே கண்ட சிறு நாடுகளை மீண்டும் நோக்குக. 1929ஆம் ஆண்டிலே வத்திக்கான் தனியரசாக ஒப்புக்கொள்ளப்பட்டபோது, இத்தாலியுடன் செய்த உடன்படிக்கையிலே அந்நகருக்குப் போதிய நீர் வழங்குதல் இத்தாலியின் கடன் என்று தனியுறுப்பொன்றில் எழுதி வைத்தனர். 35,000க்கு மேற்பட்டோர் வாழும் மொனாக்கோவுக்கும் அயல்நாட்டுத் தொடர்பின்றி ஒருநாட் பொழுதுங் கழியாது. நவுறுவின் கதை இன்னும் இரங்கத்தக்கது. அங்கு ஆறில்லை. பொசுபேற்றுக் கனியத்தை ஏற்ற வந்த கப்பல்கள், வெறுங்கப்பல் தள்ளாடாதிருக்க நிரப்பி வந்த நீரே ஒருகாலத்தில் அத்தீவாரின் தாகந் தீர்த்தது. 1968இலே விடுதலை பெற்ற அந்நாடு கனியம் விற்றுச் செல்வத்திற் கொழித்தது. கனியம் முடிந்ததும் தீவின் நடுப்பகுதி கற்கூம்புகள் துருத்தி நிற்கும் பாழ்நிலமாய்க் கிடக்கின்றது. ஆகவே, சிறிய இடமொன்று தன்னிற்றானே நிற்க வல்லதா என்பதை அறியப் புகுவோன் முதலிற் கேட்க வேண்டுவது, 'இங்கே எத்தனை ஏக்கர்?' என்பதன்று, 'இங்கே கிணற்று நீர் எப்படி?' என்பதே. பெண் கொடுக்கப் போகும் எம்மூர்ப் பெரியோர் இதனை நெடுங்காலமாய்க் கேட்டு வந்துள்ளனர்.

தீவிலே கிணற்று நீர் எங்ஙனம் உண்டாகின்றது? கடல் சூழ்ந்த நிலத்தைத் தோண்டினால் உவர்நீரன்றோ வரவேண்டும்? இவ்வினாவுக்கு விடை கண்டோருள் ஒருவர் படோன் கைபன் என்னும் ஒல்லாந்தப் படைத்துறைப் பொறியியலாளர். 1888ஆம் ஆண்டளவில் அம்ஸ்ரடாம் நகருக்கு அண்மையிலுள்ள நிலத்தடி நீரை ஆராய்ந்து அவர் கண்ட உண்மையை, 1901இலே ஹேர்ஸ்பேர்க் என்னும் செருமானியர், நோர்டர்னை என்னும் சிறுதீவில் தாமும் தனித்துக் கண்டார். அம்ஸ்ரடாமுக்கென்று கண்ட உண்மை, ஒருகாலத்தில் அம்ஸ்ரடாம் என்று பெயர் பூண்டிருந்த எம் காரைதீவுக்கும் அப்படியே பொருந்துதல் காண்க.

அவ்வுண்மை இது. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. மாரியிலே பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கி, ஏற்கெனவே அங்குள்ள கடல்நீரோடு கலந்து விடாமல், அதன்மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கும். தீவின் நடுவிலே தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், பூதக்கண்ணாடி வில்லையைப் போன்ற வடிவில் அந்நன்னீர் தங்கும். நீர்மட்டம் கடல்மட்டத்தினின்றும் ஒரு முழம் உயர்ந்து நின்றால், கணக்கின்படி அதன்கீழே நாற்பது முழம் நன்னீர் நிற்றல் கூடும். இது மகிழ்ச்சி தருஞ் செய்தி. இதன் மறுபக்கம் அச்சந் தருவது: மேல்மட்டம் ஒரு முழம் தாழ்ந்தால் அடியிலிருந்து உவர்நீர் நாற்பது முழம் மேலெழ முயலும். நடைமுறையிலே கற்பாறையின் தன்மைக்கேற்ப இக்கணக்குக் கூடியுங் குறைந்தும் வருமாயினும் நெறி மாறுவதில்லை.

எம் முன்னோர் இக்கணக்கை அறியார். ஆயினும் இதற்கேற்ப வாழ்ந்தனர். துலாவிலே ஒருவரோ இருவரோ ஏறி மிதிக்க, கீழே நிற்பவர் பட்டையை வாங்கி வாய்க்காலில் ஊற்றுவார். மனிதன் களைப்புறும் வேகத்திலேயே கிணறும் இறைக்கப்பட்டது; அவன் இளைப்பாறும்போது கிணறும் இளைப்பாறியது. கரையோர மணலிலே குடிநீருக்குப் பூவல் தோண்டியவர்களும் ஆழமாய்த் தோண்டவில்லை. ஆழந் தோண்டினாற் சவர் வரும் என்பது சிறுபிள்ளைக்குந் தெரியும். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் நிலைமை மாறிற்று. நாள் முழுதும் இறைத்தும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை, கிணற்றுக்கு உண்டு. குழாய்க் கிணறு அடித்து ஆழத்தினின்றும் உறிஞ்சத் தொடங்கியதும் நன்னீர் வில்லையின் நடுவிலே அடியிலிருந்து உவர் கூம்பாய் எழுந்தது. ஒருமுறை உவரேறிய கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மாரிகள் காத்திருத்தல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒரு கண்ணாடித் தொட்டியில் மணலிட்டு, சாயங்கலந்த உப்புநீரைக்கொண்டு இதனைத் தாமே செய்து பார்க்கலாம். பாடநூலிற் பத்துப் பக்கம் படிப்பதினும் அது தெளிவாய் விளங்கும்.

நெடுந்தீவில் இக்குறை மிகுதி. சாராப்பிட்டிக் கிணறுகள் நன்னீர்க்குப் பேர்போனவை. பிற இடங்களிற் பெரும்பாலும் உவரே. அத்தீவைக் காணச் செல்வோர், நீறு பூசாது முருகைக்கல்லை அடுக்கியே எழுப்பிய வேலிகளையும், உள்ளே ஆள் நின்று கொள்ளத்தக்க பொந்துடைய பெருக்கமரத்தையும், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும் கண்டு வியந்து திரும்புவர். புல்வெளியிலே கூட்டமாய்த் திரியும் குதிரைகளையும் காண்பர். ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்த அவற்றை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நோலன் என்னும் ஆங்கில அரசின் அதிகாரி பேணி வளர்ப்பித்தார். 2015ஆம் ஆண்டு நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்கா எனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பிரகடனத்தினால் நீர் ஊறுவதில்லை. கடுங்கோடையிலே குளங்கள் வறள, அக்குதிரைகள் நாவறண்டு மடிதலும் நிகழ்கின்றது.

நீர் வற்றிய சிறு நிலத்தைத் தீவென்று கொள்ளலாமா என்னும் வினா, எம்மூர்க் கிணற்றடியில் மாத்திரமன்றி உலக மன்றங்களிலும் எழுந்துள்ளது. கடற்சட்டம் வகுக்க ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மூன்றாவது மாநாட்டுக்கு, 1973 முதல் 1980இலே தாம் மறையும்வரை தலைமை தாங்கியவர் எம் நாட்டவராகிய ஷேர்லி அமரசிங்க அவர்கள். 1982இலே நிறைவெய்திய அச்சட்டத்தின் 121ஆம் உறுப்பு தீவுக்கு இலக்கணங் கூறுகின்றது. இயற்கையாய் அமைந்து, நீர் சூழ்ந்து, பெருக்கு வேளையிலும் நீருக்கு மேல் நிற்பது தீவு. ஆயின், மக்கள் வாழவோ தனக்கெனப் பொருளியல் வாழ்வு நடாத்தவோ இயலாத வெறும் பாறைக்கு இருநூறு மைல் கடலுரிமை இல்லை. இவ்வொரு வரியினாற் பல நாடுகள் இடர்ப்பட்டன. 1955இலே பிரித்தானியர் அத்திலாந்திக்கிலுள்ள றொக்கோல் என்னும் பாறையிலே கொடி நாட்டித் தமதாக்கினர். 1997இலே இச்சட்டத்தில் இணைந்தபோது அப்பாறையைக் கொண்டு கோரிய பெருங்கடலைக் கைவிட்டனர். யப்பானியரோ ஒக்கினோதொரி என்னுமிடத்திலே, பெருக்கின்போது சில சதுர மீற்றர் மாத்திரமே வெளித்தோன்றும் இரு பாறைகளை அலை கரைத்துவிடாதிருக்கச் சுற்றிலும் சீமெந்து அரண் கட்டிக் காத்து வருகின்றனர். தென்சீனக் கடலிலே தாய்வானியர் வசமுள்ள இத்து அபா என்னும் சிறுதீவு வாழத்தக்கது என்று காட்டுதற்காக, 2016 சனவரியிலே அந்நாட்டு அதிபரே அங்கு நேரிற் சென்றார். அங்குள்ள கிணறுகளின் நன்னீரே வாதத்தின் நடுநாயகமாய் நின்றது. அவ்வாண்டு யூலையிலே தீர்ப்பளித்த நடுவர் மன்றம், அதனையும் பாறையென்றே கொண்டது.

கச்சதீவை இங்கு எண்ணாதிருத்தல் இயலாது. நிலையான குடிநீர் அங்கில்லை; குடியிருப்பாரும் இல்லை. உள்ளது புனித அந்தோனியார் ஆலயம் ஒன்றே. 1974 யூன் மாதம் கொழும்பிலும் புதுடில்லியிலும் சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் இந்திரா காந்தி அவர்களும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, கடலெல்லைக் கோட்டை அத்தீவுக்கு ஒரு மைல் மேற்கே வரைந்தது. ஆண்டுதோறும் மாசி, பங்குனிக் காலத்திலே திருவிழாவுக்கு இருகரையினின்றும் மக்கள் வள்ளங்களிற் செல்வர். போர்க்காலத்திலே தடைப்பட்ட விழா மீண்டும் நடைபெறுகின்றது. 2016இலே புதிய ஆலயமும் எழுந்தது. விழா முடிந்த மறுநாள் தீவு மீண்டும் புள்ளினத்துக்கே உரியதாகும். எனினும், தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் அதன் பெயர் ஒலியாத காலமில்லை. பூசல் நிலத்துக்கன்று, சுற்றியுள்ள மீனுக்கே என்பதை இருகரை மீனவரும் அறிவர். அடிமடி இழுக்கும் இழுவைப் படகுகள் கடலடியை வழித்துச் செல்ல, எம் கரையோரத்தவர் வலையறுந்து நிற்பது கண்கூடு. ஆபிரிக்காவிலே விக்டோரியா ஏரியில், அரை ஏக்கர் அளவே உள்ள மிகிங்கோ என்னும் பாறைத்தீவுக்காகக் கெனியாவும் உகண்டாவும் முரணி நிற்பதும் மீனுக்காகவே.

நயினாதீவின் பெருமையோ பூசலினால் வந்ததன்று. மணிமேகலைக் காப்பியங் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பர் அறிஞர் பலர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் கோமுகி என்னும் பொய்கையினின்றும் எழுந்தது என்பது அக்காப்பியத்தின் செய்தி. நீர் அரிய நிலத்திலே குறையாத கலத்தைப் பொய்கையிற் கண்ட புலவரின் உள்ளக்கிடக்கை எண்ணத்தக்கது. நாகபூஷணி அம்பாள் ஆலயத்திலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் 1963இலே இதனை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அது முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களைக் காத்தல் வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரசுக்கு, எஞ்சியது உடையவனுக்கு என்பதும், பிற சரக்கேற்றிய கப்பலாயிற் சரிபாதி என்பதும் அதன் கருத்து. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. சிங்கள மன்னனொருவன் தமிழிலே, ஒரு சிறுதீவிலே, கப்பற்காரரை நோக்கிச் சட்டம் பொறித்தான் என்றால், அந்நாளில் இத்தீவுகள் கடைக்கோடியல்ல, வாயில் என்பது தெளிவு. தீவின் அளவு அதனை எட்டும் வழிகளின் அளவே.

அவ்வழிகள் பின்னாளில் அச்சத்துக்கு உரியனவாயின. நெடுந்தீவாருக்குக் குறிகட்டுவானே உலகத்தின் வாயில். குமுதினிப் படகே வழி. வாடையும் சோழகமும் வீசுங் காலத்திலே அவ்வழியும் அடைபடும். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்பட 23 பேருக்குக் குறையாதோர் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரிலே தீவகத்தின் பெரும்பகுதி குடிபெயர்ந்தது. சென்றோருட் பலர் திரும்பவில்லை. புங்குடுதீவாரையும் வேலணையாரையும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இன்று எளிதிற் காணலாம்; ஊரிலே பூட்டிய வீடுகளைக் காணலாம்.

பிட்கேன் என்னுந் தீவு பசிபிக் மாகடலிலே நயினாதீவை ஒத்த பரப்புடையது. 1937இலே அங்கு 233 பேர் வாழ்ந்தனர். இன்று 50 பேரும் இல்லை. இளையோர் நியூசீலந்துக்குச் சென்றுவிட, புதியோரைக் குடியேற வருமாறு அழைக்கின்றனர், வருவார் அரியர். துவாலு, கடல் உயர்ந்து வருதலை அஞ்சி, 2023இலே அவுஸ்திரேலியாவுடன் ஒப்பந்தஞ் செய்தது. ஆண்டொன்றுக்கு 280 பேர் அங்குச் சென்று வாழலாம். நிலம் மூழ்கினும் தம் நாடு நாடாகவே நிலைக்கும் என்பதையும் அதில் எழுதுவித்தனர். எம் தீவகத்தார் சென்றபோது எழுத்திலே ஒன்றும் இல்லை.

இன்று எஞ்சியிருப்போரின் நீருக்கு வழி என்ன? கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் வந்துள்ளன. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் 2024இலே திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது. நன்று. ஆயின் ஒரு கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்க மூன்று முதல் நாலு அலகு வரை மின்சாரம் வேண்டும். டீசல் இயந்திரத்தால் மின்சாரம் பெறும் தொலைதீவுகளிலே அது பெருஞ்செலவு. ஆதலின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றினாலும் ஞாயிற்றொளியினாலும் மின்சாரம் ஆக்கும் திட்டமொன்று எழுந்தது. 2021 சனவரியிலே அமைச்சரவை அதனைச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்க இசைந்தது. தன் கரைக்கு இத்துணை அண்மையிலோ என்று இந்தியா மறுத்துரைத்தது. அவ்வாண்டு திசெம்பரிலே திட்டம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சிலே இந்திய நன்கொடையுடன் அதனை நிறைவேற்றப் புதிய உடன்பாடு ஒப்பமாயிற்று. சில ஆயிரம் பேர் விளக்கேற்றுவதற்குப் பீக்கிங்கும் புதுடில்லியும் இசைய வேண்டியிருந்தது.

மழைக்கு ஒருவர் இசைவும் வேண்டுவதில்லை. ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். நெடுந்தீவிலே ஆண்டொன்றுக்கு ஒரு மீற்றர் மழை என்று வைத்துக்கொண்டால், 50 சதுரக் கிலோமீற்றர் நிலத்தில் 5 கோடி கன மீற்றர் நீர் விழுகின்றது. தாளையடி நிலையம் ஓராண்டு முழுதும் ஓயாது இயங்கினும் தருவது 90 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவே. தீவிலே 4,000 பேர் எனவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் எனவும் கொண்டால், ஆண்டுக்கு வேண்டியது 1,46,000 கன மீற்றர். பெய்த மழையில் நூற்றில் ஒரு பங்கின் மூன்றிலொன்றும் ஆகாது. மழையிற் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகும், ஒரு பகுதி கடலுக்கோடும் என்பது உண்மையே. எஞ்சுவதைத் தேக்கி நிலத்தடி வில்லைக்கு ஊட்டுதற்கென்றே கேணிகளும் துரவுகளும் குளங்களும் அமைந்தன.

அவை தூர்ந்து கிடக்கின்றன. கடல் கடந்து சென்ற தீவகத்தார் ஊர்மேற் பற்றற்றவரல்லர். கோபுரங்கள் அவர்தம் பொருளால் வானளாவ எழுகின்றன. கோபுரத்தடியில் உள்ள கேணியையும் அவர்கள் நோக்க வேண்டும் என்று சொல்ல எமக்கு உரிமை உண்டு. தூர் வாருதல் பெருஞ் செலவன்று. வெள்ளவாய்க்கால் அடைபட்டமையே பெருந்தடை. வாய்க்காலுக்குக் குறுக்கே மதில் எழுந்த காணி ஒன்றாயின், பங்காளர் நால்வர். ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் சிட்னியில், ஒருவர் இருக்குமிடம் தெரியாது. மதிலில் ஒரு முழ அகலத்துக்கு வழி விடுவதற்கு நால்வரின் ஒப்பமும் வேண்டும். பொன்விழாவுக்கும் வைரவிழாவுக்கும் இவர்கள் ஒருங்கே கூடும் இடம் கல்லூரி ஒன்றே.